மெடிக்கலில் கேட்காத கேள்வி

"அண்ணாச்சி, மூட்டு வலி தாங்கல. ரெண்டு செட்டு குடுங்க."

திருவேங்கடம், சங்கரன்கோவில் பக்கம் பொழுது சாயும் நேரத்தில் எந்த மெடிக்கல் முன்னால் நின்றாலும் இந்தக் குரலைக் கேட்கலாம். கடைக்காரர் சீட்டு எதுவும் கேட்க மாட்டார். நாலைந்து டப்பாக்களில் கைவிட்டு, அட்டைகளைக் கத்தரியால் வெட்டி, வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, பொடிசாக ஒன்று என்று சின்னக் காகிதக் கவரில் போட்டு மடித்துத் தருவார். "சாப்டாச்சா? வெறும் வயித்துல போட்றாதீக" என்று ஒரு வார்த்தை. வைத்தியம் முடிந்தது.

அந்தக் கவரைப் பிரித்தால் வழக்கமாக இருப்பது டைக்ளோஃபெனாக் அல்லது அசெக்ளோஃபெனாக் என்கிற வலி மாத்திரை ஒன்று, பாராசிட்டமால் ஒன்று, கேஸ் மாத்திரை ஒன்று. சில செட்டுகளில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டும் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் தெரியும், காலாவதித் தேதி அநேகமாக இருக்காது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்று காட்டும் சிவப்புக் கோடு மிச்ச அட்டையோடு கடையிலேயே தங்கிவிடும்.

வாங்குகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கரிசல் காட்டில் நாள் பூரா குனிந்து களை எடுத்தவருக்கும், தீப்பெட்டி ஆபீஸில் காலை மடக்கி உட்கார்ந்தே வேலை பார்த்தவருக்கும், விசைத்தறி முன்னால் நின்றே பொழுதைக் கழித்தவருக்கும் இடுப்பும் முழங்காலும் கெஞ்சத்தான் செய்யும். மறுநாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி கிடையாது. அரை நாளைத் தொலைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்வருவதைவிட ஒரு செட்டு மலிவு. வலியும் கேட்கிறது. கோளாறு எங்கே என்றால், எவ்வளவு வலிக்கிறது என்பதை வைத்து மாத்திரையைத் தேர்ந்தெடுக்கிறோம். பார்க்க வேண்டியது அதை விழுங்கப்போகிற உடம்பை. வயசென்ன, வேறு என்ன மாத்திரை ஓடுகிறது, இன்றைக்கு எத்தனை தம்ளர் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது? "சாப்டாச்சா?" என்பதோடு நின்றுவிடுகிற கேள்வி இதையெல்லாம் தொடுவதே இல்லை.

இந்த வலி மாத்திரைகள் செய்கிற வேலை ஒன்றுதான். அடிபட்ட சதையிலும் தேய்ந்த மூட்டிலும் செல்களின் சவ்விலிருந்து அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு பிரிந்து வருகிறது. காக்ஸ் என்ற நொதி அதைப் பிடித்துப் புரோஸ்டாகிளாண்டின்களாக மாற்றுகிறது. ரத்தக் குழாய்களை விரித்து அந்த இடத்தைச் சிவக்க வைப்பதும், வீங்க வைப்பதும், லேசாகத் தொட்டாலே உயிர் போகிற மாதிரி நரம்புகளைக் கூர்மையாக்குவதும் இந்தப் புரோஸ்டாகிளாண்டின்கள்தான். ஆஸ்பிரின் 1899-லேயே சந்தைக்கு வந்துவிட்டது. ஆனால் அது காக்ஸ் நொதியை முடக்கித்தான் வலியைக் குறைக்கிறது என்பதை 1971-ல்தான் லண்டனில் ஜான் வேன் காட்டினார். 1982-ல் அவருக்கும், புரோஸ்டாகிளாண்டின்களை ஆராய்ந்த ஸ்வீடன்காரர்கள் பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உலகம் 70 வருஷத்துக்கு மேல் விவரம் தெரியாமலேயே விழுங்கியிருக்கிறது.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், நாப்ராக்ஸன், பைராக்ஸிகாம், எட்டோரிகாக்ஸிப் என்று அட்டைக்கு அட்டை பெயர் மாறினாலும் குடும்பம் ஒன்றே. உடம்பில் எவ்வளவு நேரம் தங்கும், எந்த உறுப்பை அதிகமாகத் தொந்தரவு செய்யும் என்பதில்தான் வித்தியாசம். ஐபுப்ரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் ரத்தத்தில் 2 மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். நாப்ராக்ஸன் பாதியாக 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பைராக்ஸிகாமுக்கு ஏறக்குறைய 2 நாள். 70 வயசுப் பாட்டிக்கு எதைத் தரக்கூடாது என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

சிக்கல் என்னவென்றால், புரோஸ்டாகிளாண்டின் வலிக்காக மட்டும் சுரப்பதில்லை. இரைப்பையின் உள்சுவரில் வழவழப்பான பூச்சைப் போட்டு, அமிலம் சுவரைத் தின்னாமல் காப்பதும் அதுதான். மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது. முழங்காலில் மட்டும் வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடு என்று அதனிடம் சொல்ல முடியாது. அதனால்தான் வயிற்றுப் புண், ரத்தக் கசிவு எல்லாம். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் எரிச்சல் குறையும். புண் வராது என்று அர்த்தமில்லை.

இங்கே ஊசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "மாத்திரை வயித்தக் கெடுக்கும், ஊசியே போட்டுவிடுங்க" என்று கேட்டு வாங்குகிறவர்கள் ஏராளம். ஊசி வழியாகப் போனாலும் மருந்து போய்ச் சேருவது அதே ரத்தத்தில், முடக்குவது அதே காக்ஸை. வயிறு தப்பாது. விழுங்க முடிகிற ஆளுக்கு ஊசியால் கிடைக்கிற கூடுதல் பலனும் சொற்பம். இடுப்பில் சீழ்க்கட்டி, நரம்பில் பட்டு கால் மரத்துப்போவது போன்றவை தனிக் கணக்கு. கல்லடைப்பு வலியில் வாந்தி எடுத்துக்கொண்டு வருகிறவருக்கு டைக்ளோஃபெனாக் ஊசி அருமையான மருந்து. களை எடுத்த இடுப்பு வலிக்கு அது தேவையே இல்லை.

கேஸ் மாத்திரை நிஜமாகவே உதவும். 60 தாண்டியவர், முன்பு அல்சர் வந்தவர், ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் ஆகியோருக்கு வலி மாத்திரை தவிர்க்க முடியாது என்றால் பாண்டோப்ரசோலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுப்பது நல்ல வைத்தியம். ஆனால் அதன் காவல் இரைப்பையோடு சரி. அதற்குக் கீழே உள்ள சிறுகுடலுக்கும், சிறுநீரகத்துக்கும், இதயத்துக்கும் அது எதையும் செய்வதில்லை. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் கறுப்பாகத்தான் போகும். அவர் தலைசுற்றல், படபடப்பு, பிசுபிசுப்பு, நாற்றம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வயிற்றைத் தொடாத வலி மாத்திரை வேண்டும் என்று கம்பெனிகள் தேடியதில் ஒரு பெரிய கதை இருக்கிறது. காக்ஸ் ஒன்றல்ல, இரண்டு வகை என்று 1990-களின் தொடக்கத்தில் தெரிந்தது. இரைப்பையைக் காப்பது முதல் வகை, வீக்கத்தில் முழித்துக்கொள்வது இரண்டாம் வகை. இரண்டாவதை மட்டும் தடுத்தால் போதுமே என்று வந்தது ரோஃபெகாக்ஸிப். 1999-ல் அமெரிக்காவில் ஆரவாரமாக இறங்கி, மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று தெரிந்ததும் 2004 செப்டம்பரில் கம்பெனியே திரும்பப் பெற்றது. அந்த வருஷக் கடைசியில் இந்தியாவும் தடை செய்தது. பலருக்கும் தெரியாதது இதன் பின்பாதி: பழைய டைக்ளோஃபெனாக்கும் இதயத்துக்கு அந்தப் புதுவகை மருந்துகளின் அளவுக்கே ஆபத்தானது. நூற்றுக்கணக்கான சோதனைகளை ஒன்றுசேர்த்து 2013-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு கணக்கே போட்டுக் காட்டியது. இதய நோய் வாய்ப்பு ஓரளவு உள்ள 1,000 பேர் இதை ஒரு வருஷம் முழு அளவில் சாப்பிட்டால், அவர்களில் கூடுதலாக 3 பேருக்கு மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்பு வரும், அதில் ஒருவர் இறப்பார். நாப்ராக்ஸனுக்கு இந்த ஆபத்து குறைவு, ஆனால் வயிற்றுத் தொந்தரவு அதிகம். ஸ்டென்ட் வைத்தவர், மாரடைப்பு வந்தவர் சொந்தமாக டைக்ளோஃபெனாக் வாங்கவே கூடாது. ஐபுப்ரோஃபெனுக்கு இன்னொரு குணம்: ஆஸ்பிரின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் முந்தி உட்கார்ந்துவிடும். இதயத்துக்காகத் தினம் விழுங்குகிற சின்ன ஆஸ்பிரின் அதனால் வீணாகலாம்.

ஆனால் இந்த வட்டாரத்தில் நான் அதிகம் பயப்படுவது வயிற்றுக்கும் இதயத்துக்கும் அல்ல, சிறுநீரகத்துக்கு. வானம் பார்த்த பூமி. சித்திரை, வைகாசி வெயிலில் கரிசல் காட்டில் நிற்கிறவருக்கு வியர்வையில் எவ்வளவு போகிறதோ அவ்வளவு உள்ளே போவதில்லை. காட்டில் ஒதுங்க இடமில்லை என்பதால் பெண்கள் பலர் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ரத்தத்தை வடிகட்டும் நுண்முடிச்சுகள் சுமார் 10 லட்சம். இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டி, பெரும்பகுதியைத் திரும்ப உடம்புக்கே அனுப்புகின்றன. ஒரு நுண்முடிச்சை ஒரு குளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொண்டுவரும் கால் ஒரு பக்கம், வெளியேற்றும் மடை ஒரு பக்கம். நீர்மட்டம் நின்றால்தான் வடிகட்டல் நடக்கும். வரத்து குறைந்த நாளில் உடம்பு இரண்டு காரியம் செய்கிறது. புரோஸ்டாகிளாண்டினைச் சுரந்து வரத்துக்காலை அகலப்படுத்துகிறது. ஆஞ்சியோடென்சின் என்ற பொருளைக் கொண்டு மடையை இறுக்குகிறது. மட்டம் தப்பிப் பிழைக்கிறது.

இப்போது வலி மாத்திரை உள்ளே போகிறது. புரோஸ்டாகிளாண்டின் நின்றுபோய் வரத்துக்கால் சுருங்குகிறது. அதே ஆள் ரத்தக் கொதிப்புக்கு எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், அது ஆஞ்சியோடென்சினைத் தடுத்து மடையைத் திறந்துவிடுகிறது. கூடவே நீர் பிரிய மாத்திரையும் இருந்தால் மொத்த வரத்தே குறைவு. மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல டாக்டர் தேவையில்லை. பிரிட்டனில் ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிட்ட 4,87,000 பேரின் பதிவுகளை அலசி 2013-ல் வந்த ஆய்வில், இந்த மூன்றையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு 31 சதவீதம் கூடுதலாக இருந்தது. முதல் 30 நாளில் மட்டும் பார்த்தால் 82 சதவீதம். அது குளிர் தேசத்துக் கணக்கு.

இதே விளக்கம் இன்னொன்றையும் தெளிவாக்குகிறது. வரத்து நன்றாக இருக்கிற உடம்புக்குப் புரோஸ்டாகிளாண்டினின் தயவு பெரிதாகத் தேவைப்படாது. அதனால்தான் 25 வயசுப் பையன் பல் வலிக்கு இரண்டு நாள் ஐபுப்ரோஃபென் போட்டுவிட்டு ஒன்றும் ஆகாமல் திரிகிறான். அதே மாத்திரை, வாந்தியும் வயிற்றோட்டமுமாகக் கிடக்கும் அவன் அப்பாவுக்கு மூன்றாம் நாள் சிறுநீரையே நிறுத்திவிடக்கூடும். இதில் வலி எதுவும் தெரியாது என்பதுதான் கொடுமை. சிறுநீரகம் பாதி வேலையை நிறுத்தும்வரை ரத்தத்தில் கிரியாட்டினின் அளவுகூட ஒழுங்காகவே காட்டலாம்.

தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது. அதன் பிறகு கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மாத்திரைகள் அலமாரியில் ஒரு டப்பாவில் இருக்கின்றன, மெடிக்கல் செட்டு சேலை முந்தியில் இருக்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் கொட்டிப் பார்க்கிற ஆள் யாரும் இல்லை. கொதிப்பு மாத்திரை கொடுக்க வருகிறவரிடமே செட்டுக் கவரையும் எடுத்துக் காட்டினால் பாதிச் சிக்கல் அங்கேயே பிடிபடும்.

சர்க்கரையும் கொதிப்பும் இல்லாத விவசாயக் கூலிகளுக்கும் சிறுநீரகம் கெடுவது இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 1990-களிலிருந்தே பேசப்படுகிறது. மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களிலும் அதே கதை. தமிழகத்திலும் இப்போது அதைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். காரணம் இன்னதென்று முடிவாகவில்லை. குடிநீர், பூச்சிமருந்து, வெயில் என்று சந்தேகப் பட்டியல் நீள்கிறது. வெயிலும் நீரிழப்பும் அதில் முன்வரிசையில் நிற்கின்றன, கூடவே வலி மாத்திரையும். முடிவு வரும்வரை காத்திருக்க அவசியமில்லை என்பது என் கட்சி.

டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்கு வானத்திலிருந்து ஒரு சாட்சி உண்டு. வலிக்காக மாட்டுக்கு அந்த மருந்தைப் போட்டு, மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கொத்துக்கொத்தாக விழுந்தன. பாகிஸ்தானில் நடந்த ஆராய்ச்சி 2004-ல் இதை உறுதிப்படுத்தியது. இந்தியாவில் வெண்முதுகுக் கழுகுகள் 1992-க்கும் 2007-க்கும் இடையில் 99.9 சதவீதம் அழிந்துபோயின. கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக்கை 2006-ல் தடை செய்தார்கள். ஆனால் மனிதருக்கான 30 மில்லி புட்டிகள் மாட்டுக் கொட்டிலுக்குப் போய்க்கொண்டே இருந்தன. ஆகவே 2015-ல் ஒரு புட்டியில் 3 மில்லிக்கு மேல் கூடாது என்று உத்தரவு வந்தது. கம்பெனிகள் வழக்குப் போட, 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு செல்லும் என்றது. இன்றும் நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகளுக்கு அது உயிர்ப்பிச்சை. இதில் கவனிக்க வேண்டியது, மெலாக்ஸிகாம் என்ற இன்னொரு வலி மருந்து கழுகுகளை ஒன்றும் செய்வதில்லை. ஒரே குடும்பத்து மருந்துகளிலும் உடம்புக்கு உடம்பு கணக்கு மாறும்.

காய்ச்சல் நாளில் செட்டு வாங்குவது தனி ஆபத்து. 2012-ல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு போட்ட ஆட்டத்தை இந்த வட்டாரம் மறந்திருக்காது. டெங்குவில் ஏற்கெனவே தட்டணுக்கள் சரிந்திருக்கும், ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எதுவானாலும் ரத்தக் கசிவுக்கு வழிவிடும். காய்ச்சலோடு மேல்வலி என்றால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும்தான். சிக்குன்குனியா ஓய்ந்து மூட்டு மட்டும் மாசக்கணக்கில் வலிப்பவருக்கு வலி மாத்திரை உதவும், ஆனால் அது காய்ச்சல் முழுக்க அடங்கிய பிறகு.

பாராசிட்டமால் இந்தக் குடும்பத்து மருந்தில்லை. வீக்கத்தை அது பெரிதாகத் தணிக்காது, ஆனால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் இவ்வளவு படுத்தாது. திடகாத்திரமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் உச்சம், குடிப்பழக்கம் உள்ளவருக்கும் எடை குறைந்தவருக்கும் அதைவிடக் குறைவு. தாண்டினால் கல்லீரல் போகும். தாண்டுவது எப்படி என்றால், வலிக்கு வாங்கும் அசெக்ளோஃபெனாக் மாத்திரைக்குள்ளேயே 325 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது. அதோடு காய்ச்சலுக்குத் தனியாக 650, சளி மாத்திரைக்குள் இன்னொரு 500. இப்படிப்பட்ட கூட்டு மருந்துகள் 156-ஐ மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தடை செய்தது. அசெக்ளோஃபெனாக் 50, பாராசிட்டமால் 125 கலந்த மாத்திரையும் அதில் ஒன்று. கடைகளில் புழங்கும் 100, 325 கலவை அந்தப் பட்டியலில் வரவில்லை.

குழந்தைகள் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன்: நிமசுலைடு 12 வயசுக்குக் கீழே 2011-லேயே தடை. வைரஸ் காய்ச்சலில் பிள்ளைக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. கர்ப்பிணிகள் 20 வாரத்துக்குப் பிறகு இந்த வலி மாத்திரைகளைத் தொடக் கூடாது, வயிற்றில் உள்ள பிள்ளையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பனிக்குட நீர் குறையும். ஆஸ்துமாக்காரர்களில் சிலருக்கு ஒரு மாத்திரையே இழுப்பைக் கொண்டுவந்துவிடும்.

முழங்கால் வலிக்கும் விரல் மூட்டு வலிக்கும் நான் முதலில் சொல்வது டைக்ளோஃபெனாக் ஜெல். விலையும் அதிகமில்லை. தோல் வழியாக ரத்தத்துக்குப் போவது மாத்திரையில் போவதில் சுமார் 6 சதவீதம்தான், மூட்டுக்கோ வேண்டிய அளவு கிடைத்துவிடுகிறது. பட்டாணி அளவு தொட்டுத் தடவிவிட்டுக் கேட்கவில்லை என்கிறார்கள். முழங்காலுக்கு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை, ஒரு வாரமாவது தடவிப் பார்க்க வேண்டும். ஆழத்தில் இருக்கும் இடுப்பு மூட்டுக்கு இது எட்டாது.

மாத்திரைதான் வேண்டும் என்றால் ஒன்று மட்டும், குறைந்த அளவில், சாப்பாட்டுக்குப் பிறகு, நாலைந்து நாளுக்கு மேல் போகாமல். ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராமில் ஒரு நாளைக்கு மூன்று. டாக்டர் சொல்லாமல் அதற்கு மேல் வேண்டாம். டைக்ளோஃபெனாக்கோடு ஐபுப்ரோஃபெனைச் சேர்த்தால் வலி இரட்டிப்பாகக் குறையாது, கெடுதல்தான் கூடும். வெயிலில் வேலை இருக்கும் நாளில் காலையிலேயே விழுங்கிவிட்டுக் காட்டுக்குப் போவதைவிட, சாயங்காலம் வீடு வந்து, தண்ணீர் குடித்து, சிறுநீர் வெளுத்துப் போன பிறகு போடுவது மேல். வாந்தி, வயிற்றோட்ட நாளில் அறவே வேண்டாம். மாசக்கணக்கில் சாப்பிட நேர்ந்தவர்கள் ரத்த அழுத்தத்தையும் கிரியாட்டினினையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாசக்கணக்கில் என்றதும் இன்னொரு கூட்டம் ஞாபகத்துக்கு வருகிறது. காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் விரல்கள் மடங்காமல், இரண்டு கையிலும் ஒரே மாதிரி மூட்டுகள் வீங்கி, செட்டு போட்டால் மட்டும் வேலைக்குப் போகிற பெண்கள். அது அநேகமாக முடக்குவாதமாக இருக்கும். வலி மாத்திரை அன்றைய வலியை மூடிவைக்கும், மூட்டின் எலும்பு உள்ளே அரிபடுவதை நிறுத்தாது. செட்டில் இருக்கும் ஸ்டீராய்டு வீக்கத்தைச் சட்டென்று வடியவைப்பதால் நோயே போய்விட்டதாக ஏமாற்றும், முகம் ஊதும்போதுதான் சங்கதி வெளியே வரும். நாள்பட்டுச் சாப்பிட்டவர் அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்று வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மாத்திரை இருக்கிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி போன்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் பரிசோதனை செய்து, ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துத் தருவார்கள். அறிகுறி தொடங்கிய சில மாசத்துக்குள் ஆரம்பித்தால் விரல்கள் கோணுவதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.